திரைக்கு முன் யார் அமர்வது?

நம் சிற்றிதழ்ச் சூழலில் தச்சுத் தொழிலைப் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை ஒரே இராகத்தில் அமைந்தவை. தாத்தா காலத்துத் தேக்கு அலமாரி, இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாக விழும் சீவல், அதன் மணம், ஒரு கண்ணை மூடிப் பலகையின் கோணலைப் பார்க்கும் முதிய ஆசாரி. பிறகு ஓர் இயந்திரம் வருகிறது. அவர் திண்ணைக்குப் போய்விடுகிறார். கதையாகவும் கவிதையாகவும் அனுபவக் கட்டுரையாகவும் இதை நாம் பலமுறை வாசித்தாயிற்று. எழுதியவர்களின் உணர்வு பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் தொழிலின் திறமை எங்கே இருக்கிறது என்பதைப் பிழையாகக் கணித்துக்கொண்டு இந்த இரங்கல் அழுகிறது என்பது என் கருத்து. திறமை முழுவதும் விரல்களில்தான் இருந்தது என்று நம்பினால் மட்டுமே, விரல்களின் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டவுடன் தொழிலே போயிற்று என்று சொல்ல முடியும். அப்படிச் சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுவதால், கவலைப்பட வேண்டிய உண்மையான கேள்வி கேட்கப்படாமலே கிடக்கிறது.

இயந்திரம் என்று நான் குறிப்பிடுவது சி.என்.சி. ரூட்டரை. சமையலறைப் பெட்டிகள், துணி அலமாரிகள், புத்தக அடுக்குகள் ஆகியவற்றை அந்தந்த வீட்டின் அளவுக்கேற்பச் செய்துதரும் சிறு பட்டறைகளை இன்று கோவை, சென்னை, மதுரை போன்ற நகரங்களின் தொழிற்பேட்டைகளில் பார்க்கலாம். ஒரு கணினி, அதில் வடிவமைப்பு மென்பொருள். எட்டுக்கு நான்கு அடிப் பலகையை அப்படியே கிடத்தக்கூடிய ரூட்டர் மேசை ஒன்று. பலகையின் ஓரத்தில் பட்டை ஒட்டும் இயந்திரம் ஒன்று. வீடுகளுக்குப் போய்ப் பொருத்திவிட்டு வரும் நாலைந்து பேர். பட்டறையின் சொத்து இவ்வளவுதான். மென்பொருளில் பெட்டியை வரைந்தவுடன் அது தன் பக்கப் பலகை, அடிப் பலகை, தட்டு, கதவு என்று துண்டுகளாகப் பிரிந்துகொள்கிறது. பிறகு அத்துண்டுகளை எல்லாம் 2440 மில்லிமீட்டருக்கு 1220 மில்லிமீட்டர் பலகைகளில் வீணாகாதபடி அடுக்குவதும் மென்பொருளின் வேலை. மேசை பலகையைக் காற்றுறிஞ்சிப் பிடித்துக்கொள்ள, நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்றுச் சுற்றும் வெட்டுமுனை அதன்மேல் ஊர்ந்து வெட்டுகிறது. கீல் பதிய வேண்டிய குழியும் தட்டு தாங்கும் முளைகளுக்கான துளைகளும் அதே ஓட்டத்தில் விழுந்துவிடும். ஒருவர் கைரம்பத்தால் ஒரு நாள் முழுக்கச் செய்வதை இது தேநீர் ஆறுவதற்குள் செய்துவிடுகிறது என்றால் பெரிய மிகையில்லை.

இந்த வேகத்தைக் கண்டுதான் நம்மவர்களுக்கு அச்சம். வேகம் வந்தால் அக்கறை போய்விடும் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. தமிழில் இதற்கு மாறான சாட்சி மிகப் பழையது. புறநானூற்றின் 87ஆம் பாடலில் ஔவையார் அதியமானின் ஆற்றலுக்கு உவமை சொல்ல வேண்டி ஒரு தச்சனை அழைத்துவருகிறார். ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சன் அவன். அவனே ஒரு மாதம் முழுக்க முயன்று செய்த ஒற்றைத் தேர்ச்சக்கரம் எப்படிப்பட்டதோ அப்படிப்பட்டவன் என் தலைவன் என்கிறார். நாளைக்கு எட்டுத் தேர் செய்பவனை அவர் இழிவாகச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தச் சக்கரத்தின் பெருமையே அவன் வேகத்தால்தான் விளங்குகிறது. எங்கே விரைவது, எங்கே ஒரு மாதம் உட்காருவது என்று தெரிந்த ஒருவனைத்தான் அவர் நம் கண்முன் நிறுத்துகிறார்.

அப்படியானால் ரூட்டர் வைத்திருக்கும் பட்டறையில் ஒரு மாதம் உட்கார வேண்டிய இடம் எது? கோவையை அடுத்த ஒரு தொழிற்பேட்டையில் இப்படியொரு பட்டறை நடத்துபவர் எனக்கு நண்பர். தந்தை தச்சர். இவர் பட்டயப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் தந்தையோடு வீடு வீடாகப் போய் வேலை செய்தவர். பின்னர் கடன் வாங்கி ரூட்டர் போட்டார். இயந்திரம் வந்தபின் பிழைகள் குறைந்திருக்குமே என்று அவரிடம் கேட்டேன். "மெஷின் தப்பே பண்ணாதுங்க சார். நாம பண்ணுன தப்பை ஒரு நூல் பிசகாம அப்படியே பண்ணும். அதுதானுங்க பயமே" என்றார்.

அவர் காட்டிய கணக்கு ஒன்றை இங்கே தருகிறேன். வாசகர்கள் பொறுமை காக்க வேண்டும்; விஷயம் இதில்தான் இருக்கிறது. 600 மில்லிமீட்டர் அகலப் பெட்டி ஒன்று. பலகையின் கனம் 18 என்று மென்பொருளில் எழுதினால், இரு பக்கப் பலகைகளைக் கழித்து அடிப் பலகையை அது 564 என்று வெட்டும். ஆனால் கடையிலிருந்து வந்த பலகை 18 என்று முத்திரை குத்தியிருந்தாலும் உண்மையில் 17.4 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் அகலம் 598.8 ஆகிவிடும். ஒரு பெட்டியில் இதை யாரும் காணமாட்டார்கள். சுவரோரமாக ஆறு பெட்டிகள் வரிசையாக நிற்கும்போது ஏழு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். நம் ஊரில் ஒட்டுப்பலகையின் மேல் மைக்கா ஒட்டும் வழக்கம் வேறு. வெளிப்பக்கம் ஒரு மில்லிமீட்டர், உள்பக்கம் 0.8 மில்லிமீட்டர் என்று ஒட்டினால் அதே பலகை இப்போது 19ஐத் தாண்டிவிடும். முந்தைய கணக்கு தலைகீழாகும். இழைப்புளி பிடித்த கைக்கு இதெல்லாம் யோசிக்கவே தேவையில்லாத சங்கதி. ஒரு துண்டைப் பொருத்திப் பார்த்துத்தான் அடுத்த துண்டை அறுப்பார்கள். பிழை அங்கங்கே நிகழும், அங்கங்கே கரையும். இப்போதோ ஒரு சமையலறைக்கான எண்பது நூறு துண்டுகளும், ஒன்றுகூட அந்த வீட்டைப் பார்க்காமலே, வெட்டுண்டு கிடக்கின்றன.

இன்னும் உண்டு. மரவரி ஓடும் திசையைக் கதவுக்குக் கதவு பூட்டி வைக்க மறந்தால், பலகை மிச்சமாகட்டும் என்று மென்பொருள் ஒரு துண்டை மட்டும் குறுக்கே திருப்பிப் போட்டுவிடும். நெட்டுக்கு வரியோடும் ஐந்து கதவுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் படுத்துக் கிடக்கும். மேசையில் கிடக்கும் பலகையின் மேல்முகத்தில்தான் ரூட்டர் குழி பறிக்கும். ஆகவே கதவின் உள்முகம் மேலே இருக்க வேண்டும். அதைக் கண்ணாடிப் பிம்பமாக மாற்றிவிட்டால் 35 மில்லிமீட்டர் கீல்குழி தவறான பக்கத்தில் அழகாக, வட்டமாக, மாசுமறுவின்றி விழுந்திருக்கும். சிறு துண்டுகளை மேசையின் உறிஞ்சுவிசை பிடித்து நிறுத்தாது. முழுதும் அறுந்தவுடன் நழுவும். அதனால் முதல் ஓட்டத்தில் அடியில் அரை மில்லிமீட்டர் தோலை விட்டுவைத்து, இரண்டாம் ஓட்டத்தில் அதை அறுக்க வேண்டும். எந்தத் துண்டு நழுவும் என்பதைப் பலகையோடு பழகியவரே முன்கூட்டிச் சொல்ல முடியும்.

லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் மரச்சாமான் வடிவமைப்புப் பேராசிரியராக இருந்த டேவிட் பை 1968இல் வேலைத்திறனின் இயல்பைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். கைவேலை, இயந்திரவேலை என்ற பிரிப்பே பயனற்றது என்பது அவர் வாதம். அதற்குப் பதிலாக இரண்டு வகை வேலைத்திறன்களைச் சொன்னார். ஒன்றில், வேலை நடக்கும் ஒவ்வொரு கணமும் கெட்டுப்போகும் சாத்தியம் உண்டு. செய்பவரின் கவனமும் கணிப்பும் கைப்பழக்கமும்தான் அதைக் காக்கின்றன. மற்றதில் விளைவு முன்பே தீர்மானமாகிவிட்டது. செய்பவரால் அதைக் கெடுக்க இயலாது. இவற்றை இடர்வழி, உறுதிவழி என்று தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். உளியால் செதுக்குவது முதல் வகை. அச்சு வார்ப்பது இரண்டாம் வகை. ஆனால் உறுதிவழியின் ஒவ்வொரு ஏற்பாட்டுக்கும் பின்னால் இடர்வழியில் செய்யப்பட்ட கருவியும் மாதிரியும் இருக்கின்றன என்பதையும் அவர் மறக்கவில்லை. நம்முடைய இரங்கற்கட்டுரைகள் தவறவிடுவது இதைத்தான். ரூட்டர் பட்டறையில் இடர் காணாமற்போகவில்லை. அது அறுப்பதற்கு முந்தைய மணித்துளிகளுக்கு, அதாவது சுவரை அளக்கும் நேரத்துக்கும் திரையில் வரையும் நேரத்துக்கும், குடிபெயர்ந்துவிட்டது. குடிபெயர்ந்ததோடு கனமும் கூடிவிட்டது. ஏனெனில் அங்கே நேரும் ஒரு பிழை நாற்பது பலகைகளில் பிரதியாகும்.

அளப்பது என்றவுடன் நாடாவைப் பிடித்து எண்ணைக் குறிப்பது என்று நினைத்துவிடக் கூடாது. மென்பொருளில் எல்லாச் சுவரும் நேர். எல்லா மூலையும் தொண்ணூறு பாகை. நம் வீடுகளில் அப்படி ஒரு மூலையைக் கண்டுபிடித்தவருக்குப் பரிசு தரலாம். பூச்சு ஓரிடத்தில் தடித்திருக்கும், தரை கழிவுநீர்த் துளையை நோக்கிச் சரிந்திருக்கும், ஜன்னல் விளிம்பு மேலே ஓரளவும் கீழே ஓரளவும் இருக்கும். அனுபவசாலி ஒரே சுவரை மூன்று உயரங்களில் அளந்து குறைந்ததை எடுத்துக்கொள்வார். மூலையில் எத்தனை அங்குலத்தை நிரப்புப் பட்டைக்கு விடுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்வார். நன்னூலின் பாயிரம், மரத்தின் கோணல் தீர்க்கத் தச்சர் இடும் நூலையும் மனத்தின் கோணல் தீர்க்கும் நூலையும் ஒப்பவைப்பதை நாம் வகுப்பில் நடத்துகிறோம். அரண்மனைக்குக் கயிறிட்டு அளந்து மனை வகுத்தவர்களை நெடுநல்வாடை புலவர் என்றே அழைக்கிறது. கோடு போடுவது கல்வியென்றும் அறுப்பது உடலுழைப்பென்றும் பிரிந்துகிடந்ததில், ஒரு நல்ல தச்சர் இரண்டையும் ஒருசேரச் செய்துவந்தார் என்பதே என் வியப்பு. இன்று இந்த இரண்டும் மீண்டும் பிரிக்கப்படுகின்றன. திரைக்கு முன் ஒருவர், சுவருக்கு முன் இன்னொருவர். இதுதான் நான் மேலே சொன்ன, கேட்கப்படாத கேள்வி.

எண்வழிக் கட்டுப்பாட்டு இயந்திரங்களின் பிறப்பிலேயே இந்தப் பிரிவினை இருந்தது. மிச்சிகன் மாநிலத்தின் டிராவர்ஸ் சிட்டி என்னும் ஊரில் ஹெலிகாப்டர் இறக்கைகளைச் செய்துவந்த ஜான் பார்சன்ஸ், அவற்றின் வளைவுகளைப் பொறியாளர் பிராங்க் ஸ்டூலனின் துணையோடு துளையட்டைக் கணிப்பான்களில் கணக்கிட்டு, அந்த எண்களையே இயந்திரத்துக்குக் கட்டளையாக்க எண்ணினார். அமெரிக்க விமானப்படையின் பணம் 1949இல் வந்தது. எம்.ஐ.டி.யின் ஆய்வகம் அதைக் கையிலெடுத்து 1952இல் செய்துகாட்டியது. அக்காலத்திலேயே வேறொரு வழியும் இருந்தது. திறமையான தொழிலாளி முதல் உருப்படியைத் தன் கையால் இயக்கிச் செய்வார். இயந்திரம் அவருடைய அசைவுகளை நாடாவில் பதிந்துகொண்டு பிறகு தானே திருப்பிச் செய்யும். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1940களின் பிற்பாதியில் இதை உருவாக்கியிருந்தது. வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1984இல் வெளியான தம் நூலில், இந்த இரண்டாம் வழி பின்தள்ளப்பட்டதற்குத் தொழில்நுட்பக் காரணங்கள் மட்டும் போதா என்கிறார். நாடாவில் இருப்பது தொழிலாளியின் அறிவென்றால் அதிகாரமும் அவரிடமே தங்கும். நிர்வாகம் அதை விரும்பவில்லை என்பது அவர் துணிபு. வளைந்த விமானப் பாகங்களுக்குப் பதிவுமுறை போதாது என்ற எதிர்வாதத்தையும் புறந்தள்ளுவதற்கில்லை. இருந்தாலும் எந்தக் கை நிரலை எழுதுகிறது என்பதே சண்டையின் மையம் என்பதை நோபிள் சரியாகப் பிடித்துவிட்டார். இன்று ரூட்டருக்குப் போகும் ஜி-கோட் அந்த எம்.ஐ.டி. மரபின் வாரிசு.

நம் பட்டறைகளில் அந்தக் கை யாருடையது? பெரும்பாலும் கணினிப் பயிற்சி முடித்த, பலகையைத் தொட்டறியாத இளைஞர் ஒருவருடையது. அவர்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அவருக்குக் கிடைக்கும் சம்பளமும் பெரிதல்ல. அவர் வரைகிறார். அவர் வரைந்ததை, ராஜஸ்தானிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தொழிலாளர்களும் உள்ளூர்த் தச்சர்களும் வீடுகளுக்குக் கொண்டுபோய், பொருந்தாததை எல்லாம் சுவரோடு மல்லுக்கட்டிப் பொருத்திவிட்டு வருகிறார்கள். எங்கே பொருந்தவில்லை, ஏன் பொருந்தவில்லை என்ற அறிவு அவர்களுடைய கையோடு தங்கிவிடுகிறது. திரைக்கு அது திரும்பி வருவதே இல்லை. அடுத்த வீட்டுக்கும் அதே பிழை போகிறது.

மென்பொருளின் 'நூலகம்' என்பதைப் பற்றி ஒரு மொழியாசிரியனாகச் சொல்ல எனக்குச் சில உண்டு. கேபினட் விஷன், மைக்ரோவெல்லம், மொசைக் போன்ற மென்பொருள்களில் பெட்டிகளின் மாதிரி வடிவங்கள் ஆயத்தமாக அடுக்கப்பட்டிருக்கும். அகலத்தை மாற்றினால் உள்ளே உள்ள எல்லாத் துண்டுகளும் சூத்திரப்படி தம்மை மாற்றிக்கொள்ளும். இது ஓர் அகராதி. அதில் இல்லாத சொல்லை யாரும் எளிதில் பேசமாட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் வளர்ந்து உலகெங்கும் பரவிய 32 மில்லிமீட்டர் முறை இதற்கு இலக்கணம்: பலகையின் முன்விளிம்பிலிருந்து 37 மில்லிமீட்டர் தள்ளி, 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளைகள், 32 மில்லிமீட்டருக்கு ஒன்றாக. அழகான இலக்கணம்தான், எந்த நாட்டுக் கீலும் இழுப்பறைத் தண்டவாளமும் இதில் வந்து பொருந்தும். ஆனால் அந்த அகராதியின் சொற்கள் வேறொரு சமையலறையைப் பேசுகின்றன. பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு இடம் உண்டு, ஓவனுக்கு உண்டு. மாவாட்டும் கிரைண்டரை எங்கே வைத்து எப்படிச் சாய்ப்பது, எரிவாயு உருளையை எந்தக் கதவுக்குள் வைத்துக் குழாயை எந்தத் துளை வழியாக மேலே ஏற்றுவது, இட்லிக் குண்டானின் உயரம் என்ன, தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவும் தரையில் பெட்டியின் அடிப்பலகை எத்தனை வருடம் தாங்கும் என்பதற்கெல்லாம் அங்கே சொல் இல்லை. பெட்டிகள் தரையில் நிற்கும், மேடைக்கல் அவற்றின்மேல் அமரும் என்று அது எடுத்துக்கொள்கிறது. நம் வீடுகளில் கடப்பாக் கல்லை நிறுத்தி மேலே கிரானைட் போட்ட மேடை முன்பே நின்றுகொண்டிருக்கும். அதற்குள்தான் பெட்டி நுழைய வேண்டும். இரண்டு கற்களுக்கிடையே முன்னால் ஓர் அகலம், பின்னால் ஓர் அகலம்.

நண்பரின் பட்டறையில் கிரைண்டருக்கும் எரிவாயு உருளைக்கும் தனிப் பெட்டிகள் நூலகத்தில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் அளவுகளைச் சொன்னவர் அவருடைய தந்தை. எழுபதை எட்டியவர், கணினியைத் தொடமாட்டார். மகனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து, திரையில் பெட்டி சுழல்வதைப் பார்த்து, "கதவு இந்தப் பக்கம் திறந்தா அந்தம்மா எப்படிடா குனியும்?" என்று கேட்டாராம். அந்தக் கேள்விக்குப் பின் கீல் இடம் மாறியது. ஐந்தடி உயரம்கூட இல்லாத ஒரு பெண் எப்படிக் குனிவாள் என்பது எந்த மென்பொருளிலும் இயல்பிருப்பாக வருவதில்லை. முப்பது வருடம் வீடுகளுக்குள் இருந்து வேலை செய்ததால் அவருக்குத் தெரியும். முன்பெல்லாம் தச்சர்கள் மாதக்கணக்கில் ஒரே வீட்டில் வேலை செய்வார்கள்; அவ்வீட்டார் எப்போது சமைப்பார்கள், எதை எங்கே வைத்துத் தேடுவார்கள் என்பதெல்லாம் கேளாமலே தெரிந்துவிடும். பட்டறைமுறையில் அந்தத் தங்கல் இல்லை. படம் காட்டி, கையெழுத்து வாங்கி, வெட்டி, இரண்டு நாளில் பொருத்திவிடுகிறார்கள். இந்த இழப்பு மெய்யானது. இதற்காக யாராவது இரங்கி எழுதினால் நான் வாசிப்பேன்.

மரபு மரபென்று உருகுபவர்கள் வசதியாக மறப்பது இன்னொன்று. அந்த மரபு பிறப்பால் பூட்டப்பட்டிருந்தது. மாமனோ தகப்பனோ இல்லாதவனுக்கு உளியைப் பிடிக்கக் கற்றுத்தர ஆளில்லை. பெண்களுக்கு அந்தப் பேச்சே இல்லை. தமிழ்நாட்டுக்கு இது புதிய விவாதமன்று. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் குலக்கல்வி என்று பெயர்பெற்று 1954இல் கைவிடப்பட்டது. மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பரில் தொடங்கியபோது அதே பழைய காயம் கிளறப்பட்டது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையும் 18 வயதிலேயே சேரலாம் என்பதும் தமிழக அரசுக்கு உடன்பாடாக இல்லை; 2024 நவம்பரில் மறுத்துவிட்டு, 2025இல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. இதில் வயது வரம்பு 35க்கு மேல். அந்த எதிர்ப்பை நான் ஏற்கிறேன். ஆனால் இரண்டு திட்டங்களின் கற்பனையிலும் தச்சர் என்பவர் கைக்கருவியோடு நிற்பவர்தான். விஸ்வகர்மா திட்டம் கருவிப் பெட்டிக்கு 15,000 ரூபாய் தருகிறது. ரூட்டரின் விலை பல இலட்சம். திரைக்கு முன் தச்சர் அமரக்கூடும் என்பதை எவரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. (மரத்தூளின் மணத்தைக் கவிதையில் வைப்பவர்களுக்கு ஒரு செய்தி: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் தொகுதியில் சேர்த்துவிட்டது. ரூட்டரோடு ஒரு தூளுறிஞ்சியும் வந்தது என்பதற்காகவே சிலர் இன்னும் சில காலம் கூடுதலாக இருப்பார்கள்.)

பிறப்பின் பூட்டை மென்பொருள் திறக்கக்கூடும். ஆனால் அதற்கென்று வேறொரு பூட்டு இருக்கிறது. உளியும் இழைப்புளியும் தச்சரின் சொத்து. தந்தையிடமிருந்து மகனுக்கு வரும், அடகு வைக்கலாம், தேய்ந்தால் தீட்டலாம். ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2016இல் தன் பெரும்பாலான மென்பொருள்களை நிரந்தர உரிமமாக விற்பதை நிறுத்திவிட்டது. சிறு பட்டறைகளில் பெரிதும் பழகிய ஸ்கெட்ச்அப் 2020 நவம்பரில் அதே வழிக்கு வந்தது. இனி ஆண்டுக்காண்டு வாடகைதான். பத்து வருடம் பாடுபட்டு ஒரு பட்டறை சேர்த்த பெட்டி வடிவங்கள், அந்தக் கிரைண்டர் பெட்டி உட்பட, வாடகை நின்றால் திறக்காத கோப்புகளாகிவிடும். இதுவும் போதாதென்று பட்டியல் முழுக்க ஆங்கிலம். கீல், முளை, தட்டு, மூலைமட்டம், இழைப்பு என்று நாவில் சொல் வைத்திருக்கும் ஒருவர் அத்தனையையும் அயல்மொழியில் தேட வேண்டியிருக்கிறது. அவர் திரையைக் கண்டு ஒதுங்குவதற்கு வயதைக் காரணம் காட்டுகிறோம். தமிழில் பட்டியல் இருந்தால் அந்த எழுபது வயதுக்காரரே சுட்டியைப் பிடித்திருப்பாரோ என்று எனக்கு ஐயம் உண்டு. கலைச்சொல்லாக்கத்தில் பெயர்பெற்ற நம் தமிழ்த்துறைகள் இயற்பியலுக்கும் சட்டத்துக்கும் சொல் செய்தன. தச்சுப் பட்டறையில் சொற்கள் முன்பே இருக்கின்றன. அங்கே போய் எழுதிக்கொண்டு வந்தால் போதும்.

எனக்கு விடை தெரியாத ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. இன்றைக்குத் தந்தை பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். அவருக்குப் பின் அந்த நாற்காலியில் யார்? மரத்தை அறுத்துக் கெடுத்து, கெடுத்ததைச் சரிசெய்து, சுவரிடம் தோற்று, அப்படித்தான் அவர் கற்றார். அறுப்பை எல்லாம் ரூட்டர் செய்யும்போது அடுத்தவர் எதைக் கெடுத்துக் கற்பார்? சிலர் கைவேலையை ஒரு பாடமாக, அருங்காட்சியகப் பொருள் போலப் பாதுகாக்கலாம் என்கிறார்கள். அதில் எனக்கு நம்பிக்கையில்லை; வாடிக்கையாளர் காத்திருக்காத இடத்தில் கற்ற கை, வாடிக்கையாளர் முன் நடுங்கும்.

நண்பர் தம் அளவில் ஒரு விதி வைத்திருக்கிறார். வரைவதற்கு வேலைக்குச் சேரும் எவரும், பட்டம் எதுவாயினும், முதல் ஆறு மாதம் பொருத்துநர்களோடு வீடுகளுக்குப் போக வேண்டும். தாம் வரையாத பெட்டிகளைத் தம் கையால் சுவரில் மாட்ட வேண்டும். சென்ற ஆண்டு சேர்ந்த ஒரு பெண் அதை முடித்துவிட்டு இப்போது திரைக்கு வந்திருக்கிறார். அவருடைய குடும்பத்தில் யாரும் உளி பிடித்ததில்லை. நிரப்புப் பட்டைக்கு எவ்வளவு விடுவது என்பதில் அவர் நண்பரோடே வாதாடுகிறாராம். அவருக்கு முன் வந்த இருவர் இரண்டாம் மாதத்திலேயே நின்றுவிட்டார்கள். ஒன்றும் வரையாத ஆறு மாதத்துக்கு முழுச் சம்பளம் கொடுப்பது கட்டுப்படியாகாது என்கிறார் பட்டறையின் பங்குதாரர். மூன்று மாதமாகக் குறைக்கலாமா என்று பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.